அசரீரியும் ஆகாயக் கருவியும்

வடதுருவத்தருகே இராக்காலத்தில் தோன்றும் ஒளியை, நரி வாலால் பனியைத் தட்டியெழுப்பிய நெருப்பென்று பின்லாந்துக்காரர் சொல்லி வந்தார்கள். அவ்வொளிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மேலே பூமி ரேடியோ அலைகளை வீசுகிறதென்பதோ எந்த ஞானதிருஷ்டிக்கும் எட்டவில்லை. சில வேளை அதன் சக்தி 100 கோடி வாட்! அப்படியானால் தரையிலுள்ள ரேடியோப் பெட்டியில் அது ஏன் விழவில்லை? நடுவிலுள்ள அயனி மண்டலம் அதைக் கீழே விடாமல் விண்வெளிக்கே திருப்பிவிடுகிறது. ஆகவே மேலே போய்த்தான் கேட்க வேண்டியதாயிற்று. 1964-ல் சோவியத்தார் ஏவிய எலெக்ட்ரான் செயற்கைக்கோள்கள் முதலில் கேட்டன. அது துருவ ஒளியோடு சேர்ந்தெழுவதை 1974-ல் அமெரிக்கரான கர்னெட் எடுத்துக்காட்டினார். காந்தக் கோடுகளைச் சுற்றிப் பாயும் எலெக்ட்ரான்களே காரணம், நரியுமில்லை, தேவருமில்லை. 1996-ல் ஏவப்பட்ட ஃபாஸ்ட் செயற்கைக்கோளோ, அலை பிறக்குமிடத்துக்குள்ளேயே புகுந்து அளந்து வந்தது.