லயத்து வாசலில் ஒரு மணித்தியாலம்

காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறுகிறோம். அதற்கு முன் காம்பராக் கதவைச் சாத்தும்போது பிள்ளைகளிடம் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வெளியில போயிறாதே." 2021 வரை ஒன்றரை வருடமாக இதைச் சொல்லிவந்தோம். கொரோனாவுக்குப் பயந்து சொன்னோம், அதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நம் பிள்ளைகளின் கைகால்களும் முடங்கிப்போயிருப்பதை இனியும் பேசாமல் இருக்க முடியாது.

2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. அப்போதும் தேயிலைத் தொழிலுக்கு மட்டும் விலக்களித்தார்கள். நாம் கொழுந்து எடுத்தோம். பிறகு பாடசாலை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் மூடிய கதவு பல மாதங்கள் திறக்கவில்லை. அவ்வருடம் ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு தனிமைப்படுத்தல் ஊரடங்கும் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கும் வசதி நமக்கு இல்லை. தாயும் தகப்பனும் மலையில், பிள்ளை காம்பராவில்.

அந்தக் காம்பரா எவ்வளவு பெரியது? பெரும்பாலான லயங்களில் 10க்கு 12 அடி. அதற்குள்தான் கட்டில், அலுமாரி, பாத்திரம் எல்லாம். பாடசாலை மூடியிருந்தபோது பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் நாலு பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். உடற்கல்விப் பாடத்தையும் உட்கார்ந்தபடியே கொப்பியில் எழுதினார்கள். பாடம் முடிந்தால் அதே போனில் கேம். இரவில் தூக்கம் பிந்துகிறது, காலையில் எழும்ப மாட்டேன் என்கிறார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்கள். இவற்றைப் பிள்ளையின் குணம் என்று நினைத்து நாம் அடிக்கிறோம். ஓடியாட வேண்டிய உடம்பை அடைத்துவைத்தால் வேறு என்ன நடக்கும்?

"நம்ம பிள்ளைகள் சும்மாவா இருக்குதுகள்? பீலியில தண்ணி எடுக்குது, விறகு பொறுக்குது, தம்பி தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு அலையுது" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். வேலையிலும் உடம்பு அசைகிறது. ஆனால் குடத்தைச் சுமக்கும் பிள்ளை சிரிப்பதில்லை. ஓட்டம், தாவல், எறிதல், தோற்றுப்போய் மறுபடி ஆட வருதல், இவையெல்லாம் விளையாட்டில்தான் கிடைக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு வேலைக்குக் குறைவில்லை, விளையாட்டுக்குத்தான் குறை.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவில்தான், புதிய வழிகாட்டலை வெளியிட்டது. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் ஓட்டமும் குதிப்பும் வேண்டும் என்கிறது அது. பிள்ளைகளின் ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. லயத்துப் பிள்ளைக்கு அதில் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

இங்கே சாப்பாட்டையும் பேச வேண்டும். 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூறு பேரில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 பேர். வெறும் வயிற்றோடு ஓடச் சொல்வது கொடுமை. ஆகவே விளையாட்டு நேரம் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் இடைவெளி விட்டு வரட்டும். ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் மட்டும் என்றால், ஒரு பிடி பயறோ கடலையோ கீரையோ சேர்க்கப் பார்ப்போம்.

எப்படிச் செய்வது? வீதிக்குப் போகச் சொல்லவில்லை, பொது மைதானத்தில் கூட்டம் சேர்க்கவும் சொல்லவில்லை. ஒரு லயத்துப் பிள்ளைகள் எப்படியும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். அந்த வாசலிலேயே தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம்.  பாண்டி, கயிறடித்தல், கிட்டிப்புள்ளு, தூரம் விட்டு ஓட்டப்போட்டி போதும்.    முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவல். வெளியே வர முடியாத வீடென்றால் இஸ்தோப்பிலேயே நின்ற இடத்தில் ஓட்டம், குந்தி எழும்புதல். காய்ச்சல் உள்ள பிள்ளை படுத்திருக்கட்டும். கொவிட் வந்து தேறிய பிள்ளை வைத்தியரைக் கேட்டு மெதுவாகத் தொடங்கட்டும். நெஞ்சு நோவு, மூச்சுமுட்டு, தலைசுற்று வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது? ஊர் திரும்பிய தம்பிமாரும், பரீட்சைக்குக் காத்திருக்கும் தங்கைமாரும் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் சோர்ந்துபோய்த்தான் இருக்கிறார்கள். ஒரு லயத்துச் சின்னப் பிள்ளைகளை ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். காமன் கூத்தில் தப்படிக்கு ஆடிய கால்கள் நம்மிடம் உண்டு. அந்த ஆட்டத்தைச் சிறுவர்களுக்குப் பழக்கினால் உடற்பயிற்சியும் ஆகும், நம் கலையும் நிற்கும். பிள்ளைகளை மலைக்குள் தனியே அலைய விடக்கூடாது. குளவியும் வழுக்கும் படியும் நாம் அறிந்த ஆபத்துகள்.

பெண் பிள்ளைகளை மறக்கவேண்டாம். பாடசாலை மூடியதும் அடுப்படி முழுவதும் மூத்த மகளின் தலையில் விழுந்தது. அண்ணன் மட்டை எடுக்க, தங்கை சட்டி கழுவுகிறாள். அந்த ஒரு மணித்தியாலம் அவளுக்கும் உரியது. சட்டியை அண்ணனும் கழுவட்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலம்தொட்டு, இந்தக் கண்டி மலைகளில் தட்டையான நிலம் பெரும்பாலும் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும்தான் போனது. லயங்கள் சரிவில் தொங்குகின்றன. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை எங்கும் இதுதான் நிலைமை. காலைப் பிரட்டு முடிந்தபின் பிரட்டுக்களம் வெறுமனே கிடக்கிறது. லயம் லயமாக நேரம் பிரித்து அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தால் நாம் பேசிக்கொள்ளலாம், பிள்ளைகளை விரட்டாதீர்கள்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 1000 ரூபாவுக்காக வருடக்கணக்கில் போராடினோம். 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. அதன் பின்னும் கிலோவுக்கும் நாளுக்கும் சண்டை போட்டோம். ஆனால் எத்தனை பேச்சுவார்த்தையில் பிள்ளைகளின் விளையாட்டுத் தரையைக் கேட்டோம்? நம் கோரிக்கைப் பட்டியலில் அது கடைசி வரியாகக்கூட இருந்ததில்லை. அந்தக் குறை சங்கத்தின் குறை. இனி அது இருக்கும். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தத்தமது துரையிடம் பிரட்டுக்களத்தை எழுத்தில் கேட்டு, பதிலை நமக்கு அறிவிக்க வேண்டும்.

800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன் கண்டியில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர். முரளிக்குப் பந்து போட ஒரு மைதானமும், சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்றுநரும் பாடசாலையில் கிடைத்தார்கள். எல்லாப் பிள்ளையும் முரளியாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நன்றாகப் பசித்து, நன்றாகத் தூங்கி, பாடசாலை நாட்களில் மூச்சு வாங்காமல் அந்த மலைப்பாதையை ஏறிப்போகும் பிள்ளைகளாக இருந்தால் போதும்.

நாளைக் காலை கதவைச் சாத்தும்போது ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்வோம்: "வெளியில போயிறாதே. சாயங்காலம் வந்ததும் வாசல்ல விளையாடலாம்." சொன்னபடி, கூடையை இறக்கி வைத்ததும் பத்து நிமிடமாவது நாமும் அந்த வாசலில் நிற்போம்.