ஈரல் வாய் திறவாது

மாமியாருக்குச் சர்க்கரை வியாதி என்றால் பக்கத்து வீட்டில் சொல்கிறோம். குழந்தைக்கு இரண்டு நாள் ஜுரம் என்றால் தெரு முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஆளுக்கொரு கஷாயமும் கிடைக்கிறது. ஆனால், "என் வீட்டுக்காரர் தினம் குடிக்கிறார், ஈரல் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்பதை எந்தப் பெண்மணி யாரிடம் வாய்விட்டுச் சொல்கிறாள்? ராத்திரி விளக்கை அணைத்த பிறகு தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அல்லவா அது?

சகோதரி, அந்தக் கேள்வியை இந்த வாரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஈரலின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பல் கெட்டால் வலிக்கும். வயிறு கெட்டால் புரட்டும். ஈரல் அப்படியல்ல. சில வீடுகளில் மூத்த மருமகள் இருப்பாள். எவ்வளவு வேலையை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் செய்துகொண்டே இருந்து, ஒரு நாள் திடீரென்று படுத்துவிடுவாள். ஈரல் அந்த ரகம். "நன்றாகச் சாப்பிடுகிறார், ஆபீஸ் போகிறார், ஆகவே பயமில்லை" என்று எண்ணுவதற்கில்லை. கண் மஞ்சளிப்பதும், வயிற்றில் நீர் கட்டுவதும், கால் வீங்குவதும் பெரும்பாலும் கதையின் கடைசி அத்தியாயங்கள்.

"அவர் மொடாக்குடியர் இல்லை, ஒரு குவார்ட்டரோடு சரி" என்பீர்கள். மளிகைக் கணக்குப் போடுகிற நாம் இதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே! 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். "பீர்தானே?" என்றால், 8 சதவீதமுள்ள 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம். இங்கிலாந்தின் மருத்துவ அதிகாரிகள் 2016ல் ஒரு வாரம் முழுவதற்கும் சொன்ன உச்ச வரம்பே 112 கிராம்தான்! இரண்டு குவார்ட்டரில் அது தாண்டிவிடுகிறது. ஆரோக்கியத்துக்குப் பழுதில்லாத அளவு என்று எதுவுமே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது.

இனி நல்ல சேதி. தினம் இந்த அளவு குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்பு படிகிறது. குடியை அடியோடு விட்டால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அது கரைந்து போகக்கூடும். விடாவிட்டால் சிலருக்கு ஈரல் வீங்கி, தழும்பேறி, கடைசியில் சுருங்கிப்போகிறது. இதைத்தான் டாக்டர்கள் 'சிரோசிஸ்' என்கிறார்கள். அங்கிருந்து பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆனால் அப்போது நிறுத்தினாலும் ஆயுள் கூடும்.

எனவே அறிகுறிக்காகக் காத்திராமல் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் முதற்படி. ரத்தத்தில் எண்கள் சரியாக இருந்தும் ஈரலில் தழும்பு இருக்கலாம். அதன் விறைப்பை அளக்கும் 'ஃபைப்ரோஸ்கேன்' தேவையா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவைச் சொல்லும்போது மறைக்காதீர்கள். "எப்போதாவது" என்று அவர் சொல்ல, நீங்கள் தலையைக் குனிந்துகொண்டால், டாக்டர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

செய்யக் கூடாத காரியங்கள் இரண்டு. "அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த மருந்துகளைத் தொடாதீர்கள். குடியை வெறுக்க வைக்கும் மருந்தான டைசல்ஃபிரம், குடிப்பவருக்குத் தெரியாமல் உள்ளே போய், மேலே சாராயமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அது ஈரலையும் கெடுக்கலாம்! எந்த ஈரலைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ அதற்கே உலை வைக்கலாமா?

இரண்டாவது, நாள் தவறாமல் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் பாட்டிலைப் பிடுங்கி நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வியர்வை என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் டாக்டரின் மேற்பார்வையில். ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலப் போனாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, காலை வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"இதெல்லாம் வெளியே தெரிந்தால் மானம் போகுமே!" என்கிறீர்களா? குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அப்படி எண்ணி வாய் மூடியிருக்கவில்லை. 1980ல் சென்னையில் கணவர் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்தார். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. 1992ல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. மானம் போகவில்லை, பார்த்தீர்களா?

அவர் குடித்துவிட்டு வந்த ராத்திரியில் பேச்சை எடுக்காதீர்கள். அது சண்டையில்தான் முடியும். காலையில், தெளிந்த நேரத்தில், "உங்கள் மேல் கோபமில்லை, பயமாக இருக்கிறது, ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம், வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வர மறுத்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு நீங்களே பேசலாம். காசில்லை, எந்த நேரமும் பேசலாம். அவர் சம்மதித்த பிறகுதான் நீங்கள் பேச வேண்டும் என்று ஒன்றும் சட்டமில்லை.