பூட்டுக்குப் பொறுப்பாளி யார்?

2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது, கம்பெனிகள் ஆபீஸ்களை மூடிவிட்டுச் சிப்பந்திகளை வீட்டிலிருந்தபடியே வேலை செய்யச் சொல்லின. நோய் தணிந்த பிறகும் அவ்வழக்கம் அடியோடு மறையவில்லை. அதனால் இரு தரப்பாருக்கும் அனுகூலமுண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஆபீசுக்கு ஒரே வாசல் இருந்த காலத்தில் ஒரு காவற்காரன் போதுமாயிருந்தான். இப்பொழுதோ சிப்பந்திகளின் ஒவ்வொரு வீடும் ஒரு வாசலாகிவிட்டது. இதை முதலாளிகளில் பலர் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 45 சதவிகிதத்தைக் கொண்டு செல்லும் காலனியல் பைப்லைன் கம்பெனி, 2021 மே மாதத்தில் தன் குழாய்களைச் சில தினங்கள் நிறுத்த நேர்ந்தது. வெளியிலிருந்து வேலை செய்வதற்காக ஏற்பட்ட வி.பி.என். கணக்கொன்று, உபயோகம் நின்ற பின்னும் மூடப்படாமல் கிடந்தது. ஒரு கடவுச்சொல் இருந்தால் அதைத் திறந்துவிடலாம். இரண்டாவது அத்தாட்சி எதுவும் கேட்கப்படவில்லை. அவ்வழியே புகுந்த கொள்ளைக்காரருக்குக் கம்பெனி சுமார் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டிற்று.

பிறருடைய கடவுச்சொற்களைப் பத்திரப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் கம்பெனியின் கதை இன்னும் விசித்திரமானது. 2022-ல் அதன் என்ஜினீயர் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில், வேறு கம்பெனியார் செய்த மென்பொருளிலிருந்த ஓட்டையின் வழியே திருடர்கள் நுழைந்தார்கள். அவர் தட்டிய எழுத்துக்களையெல்லாம் பதிவு செய்து, திறவுகோலைக் கைப்பற்றினார்கள்.

ஆரூப் என்னும் பிரிட்டிஷ் என்ஜினீயரிங் கம்பெனியின் ஹாங்காங் கிளையில் நடந்த மோசடி 2024-ல் வெளியாயிற்று. கடிதத்தைக் கண்டு முதலில் சந்தேகித்த சிப்பந்தி, காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரியின் முகத்தைக் கண்டு குரலையும் கேட்டபின் நம்பிவிட்டார். அம்முகமும் குரலும் செயற்கை அறிவு சமைத்த பொய்கள். போன பணம் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர்.

திருடன் வேலைக்காரனாகவே உள்ளே வருவதும் உண்டு. வடகொரியர்கள் பொய்ப் பெயரில் 300-க்கு மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகளில் உத்தியோகம் பெறுவதற்குத் துணையாக, அவர்களுக்கென வந்த லாப்டாப்களைத் தன் வீட்டில் வைத்து நடத்திய அரிசோனா மாதொருத்திக்கு 2025 ஜூலையில் எட்டரை வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவற்றைக் கேட்ட முதலாளி முதலில் செய்வதென்ன? சிப்பந்தியின் வீட்டில் கண்காணிப்பு மென்பொருளை வைத்து, அவன் எத்தனை எழுத்துத் தட்டினான், எத்தனை நிமிஷம் எழுந்து போனான் என்று எண்ணுகிறார். இது காவலன்று, வேவு. காலனியல் கணக்கில் வேவு பார்க்க ஆளே இல்லை. ஆரூப் சிப்பந்தியோ மேலதிகாரி சொன்னதாக நம்பியதைச் செய்தார். அவரிடம் குறைந்தது உழைப்பன்று. உத்தரவைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு முறை.

இந்தியச் சட்டத்தின் போக்கையும் நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். பிறருடைய விவரங்களைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்திருக்கிறது. அந்த அபராதம் கம்பெனியைச் சாரும், குமாஸ்தாவையன்று. சைபர் விபத்துக்களை அறிந்த ஆறு மணிக்குள் தெரிவிக்க வேண்டுமென்பது செர்ட்-இன் ஸ்தாபனத்தின் 2022-ம் வருஷத்து உத்தரவு. பிசகினால் வேலை போகுமென்று நடுங்குகிற சிப்பந்தி அதை மறைக்கவே பார்ப்பான். ஆறு மணியும் அந்த மௌனத்திலேயே கழிந்துவிடும்.

ஆகவே முதலாளிகள் செய்ய வேண்டியது தெளிவு. கம்பெனி வேலைக்குக் கம்பெனியே கம்ப்யூட்டர் கொடுக்கட்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது அத்தாட்சியையும் கட்டாயமாக்கட்டும். விலகியவரின் கணக்கை அன்றே மூடட்டும். பெருந்தொகை அனுப்புமுன், முன்பே தெரிந்த டெலிபோன் எண்ணில் கூப்பிட்டு விசாரிக்கட்டும். அப்படி விசாரித்த குமாஸ்தாவை எந்த மேலதிகாரியும் கடிந்துகொள்ளக் கூடாது. பிசகை உடனே சொன்னவனுக்குத் தண்டனையில்லை என்பதையும் எழுத்தில் அறிவிக்கட்டும்.

வீட்டு வேலைமுறையால் வாடகையும் விளக்குச் செலவும் மிச்சமென்று மகிழ்ந்த முதலாளிகள், அந்த மிச்சத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்குச் செலவிடுவதே நியாயம். வெள்ளம் வருமுன் அணை கோலுவது வீட்டிலிருக்கும் குமாஸ்தாவின் கடமையன்று; லாபம் பெறுகிறவரின் கடமை.