பலகைக்கு மருந்து, தொழிலாளிக்கு நோய்

பச்சை மரத்தை அறுத்து அடுக்கினால் பூசணம் பிடிக்கும். பலகை நீலம் பாய்ந்து விலை இறங்கும். விலை இறங்காமலிருக்க முதலாளிகள் கையாண்ட பூசணக்கொல்லிகளில் ஒன்று பென்டாகுளோரோபீனால். கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மரம் அறுக்கும் மில்களில் 1940களிலிருந்து பல பத்தாண்டுகள் இவ்வகை மருந்துக் கரைசலில் பலகைகளை முக்கினார்கள். அல்லது மேலே பீச்சினார்கள். சொட்டச் சொட்ட வந்த பலகைகளை இழுத்து அடுக்கியவர்கள் தொழிலாளிகள். மருந்து பெரும்பாலும் தோல் வழியாகவே அவர்கள் உடம்பில் இறங்கிற்று.

1950-க்கும் 1995-க்கும் இடையில் 14 மில்களில் ஓராண்டாவது வேலை செய்த 27,464 ஆண் தொழிலாளர்களின் விவரங்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். இம்மருந்தில் அதிகம் புழங்கியவர்களிடம் ரத்தப் புற்று வகையைச் சேர்ந்த நிணநீர்ப் புற்று கூடுதலாக இருந்தது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் மைலோமா என்ற ரத்தப் புற்றோ, மிகக் குறைவாகப் புழங்கியவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு! 2016-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், இது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளே என்று தீர்ப்புக் கூறிற்று. நிணநீர்ப் புற்று விஷயத்தில்தான் சான்று போதுமானது என்றது. மைலோமா விஷயத்தில் அவ்வளவு உறுதி சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

யார் எவ்வளவு மருந்தில் நனைந்தார் என்பது எப்படித் தெரிந்தது? யார் எந்த வேலையில் எத்தனை காலம் இருந்தார் என்பதை மில் ரிக்கார்டு சொல்லும். அந்த வேலையில் மருந்து எவ்வளவு மேலே படும் என்பதை அது சொல்லாது. அதைச் சொன்னவர்கள் அனுபவமுள்ள தொழிலாளிகளே! அவர்கள் போட்ட மதிப்பை, சிறுநீரில் கண்ட மருந்தின் அளவோடு ஒப்பிட்டார்கள். கணிசமாக ஒத்துவந்தது. தொழிலாளி சொன்னால் புகார், டாக்டர் சொன்னால் விஞ்ஞானம் என்று பேசும் கனவான்கள் இதைக் கவனிக்கட்டும்.

இந்தியாவில் பென்டாகுளோரோபீனால் தடை செய்யப்பட்டதுதான். ஆனால் விவசாயத் தொழிலாளிகளே, வயலுக்கு வேறு மருந்து வருகிறது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா ராஜ்யங்களில் மருந்தடிக்கும் 678 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்த முடிவு 2009-ல் வெளிவந்தது. குளோரோதலோனில் என்ற பூசணக்கொல்லியை உபயோகித்தவர்களிடம், மைலோமாவுக்கு முந்திய ரத்தக் கோளாறு, உபயோகிக்காதவர்களைவிட 2.4 மடங்கு. இது நோயல்ல, நோய்க்கு முந்திய நிலை. மருந்துதான் காரணமென்று நிரூபணமாகிவிடவும் இல்லை. என்றாலும், நிலக்கடலையின் டிக்கா இலைப்புள்ளிக்கு நம் நாட்டில் தெளிக்கப்படுவது இதே மருந்து.

மருந்தடிப்பவரின் ரத்தத்தைச் சர்க்கார் செலவில் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில், எந்த மருந்து, எத்தனை டேங்க், அடித்தவர் யார் என்று இந்தப் பட்டத்திலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.