பச்சை வானம்

ஜவ்வாது மலையில் மருந்துப் பெட்டி பறக்க வேண்டுமென்றால், முதலில் விண்ணப்பம் பறக்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் படிவங்களை 25-லிருந்து 5 ஆகக் குறைத்தன; பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதியும் தேவையில்லை. நல்லதுதான். ஆனால் மலையில் ஒரு சரிவைத் தாண்டினாலே ட்ரோன் கண்ணுக்கு மறைந்துவிடும். பார்வைக்கு அப்பால் பறக்கவிட, தெலங்கானா அரசு அதே ஆண்டில் நிபந்தனைகளோடு தனி விலக்கு வாங்கித்தான் விகாராபாத்தில் மருந்து அனுப்பிப் பார்த்தது. இங்கே சாமை விதைக்கிறவரா இணையதளத்தைத் திறந்து விலக்கு கேட்பார்? சிக்னல் தேடி மேடேறவே அவருக்குப் பாதி நாள் போய்விடும் (ஓடிபி அதுவரை காத்திருக்காது). திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்களே இந்த மலைக்காகச் சேர்ந்து விண்ணப்பிக்கட்டும். மழைக்காலத்துக்கு முன்பே.