சுவரில் கேட்கும் ரீங்காரம்

சென்ற மாதம் ஈரோடு மாவட்டத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நூலிருப்பைச் சரிபார்க்கும் பொருட்டு அங்கத்தினர் சிலருடைய இல்லங்களுக்கு நேரில் சென்றிருந்தோம். தறியில் ஏறியுள்ள பாவையும், பெட்டியிலுள்ள ஊடை நூலையும் சங்கப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நமது கடமைகளுள் ஒன்று. ஒரு வீட்டில் தறி ஓய்ந்திருந்த காலை வேளை. தறிக்கூடத்தின் வாசலையொட்டிய சுவரிலிருந்து வண்டு முரல்வது போன்ற ஓசை இடைவிடாது வந்து கொண்டிருந்தது. அங்கே ஸ்விட்ச் போர்டில் இரண்டு சாக்கெட்டுகள். ஒன்றில் கைபேசிச் சார்ஜர். மற்றொன்றில், வாளியில் வெந்நீர் போடும் ஹீட்டர்.

"அது சார்ஜருங்க சார். ரெண்டு மாசமாவே இரையுதுங்க. ஆனா சார்ஜ் நல்லா ஏறுதுங்களே!" என்றார் வீட்டுக்காரப் பெரியவர்.

சார்ஜரைக் கழற்றினோம், ஓசை நிற்கவில்லை. ஹீட்டரின் ஸ்விட்சை அணைத்தோம், உடனே நின்றது. புறங்கையால் தொட்டுப் பார்த்தால் சாக்கெட்டின் முகப்புப் பலகை சுட்டது. துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. அதற்கு இரண்டு முழத் தொலைவில் நூல் பெட்டி. இரண்டு மாதமாகப் பழி சுமந்து வந்த சார்ஜர் நிரபராதி என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இந்த வேறுபாட்டை நம் அங்கத்தினர்கள் அறிந்து கொள்வது மிகவும் அவசியம் என்று கருதுகிறோம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. ஒரு வினாடியில் 50 சுற்று சுழல்வது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அதன் வேகம் உச்சத்தை எட்டுகிறது. ஆகவே இரும்பின்மேல் கம்பிச் சுருள் சுற்றிய எந்தச் சாதனமும் வினாடிக்கு 100 தடவை நுண்ணிய அளவில் அதிரும். பழைய வானொலிப் பெட்டியும், ஸ்டெபிலைசரும், தெரு மூலையிலுள்ள டிரான்ஸ்பார்மரும் இரைவது இதனாலேயே. இக்காலத்துச் சார்ஜர்களின் வேலைமுறை வேறு. அவை மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அவ்வளவு விரைந்த அதிர்வு மனிதச் செவிக்கு எட்டாது. ஆயினும் கைபேசி முழுதும் ஏறிய பின்பும், சார்ஜர் சும்மா செருகிக் கிடக்கும்போதும், இவ்வெட்டு விட்டு விட்டு நடைபெறுவதால் மெல்லிய கீச்சொலி எழுவதுண்டு. காதை அருகில் வைத்தால்தான் கேட்கும் என்ற அளவில் அது இருக்குமானால் கவலை வேண்டுவதில்லை. நேற்றுவரை இல்லாத உரத்த ஓசை இன்று வந்தாலோ, தொட முடியாதபடி சுட்டாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வீசினாலோ அந்தச் சார்ஜரைக் குப்பையில் போடுவதே முறை. புதிது வாங்குகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அதன்மேல் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். சந்தையில் பாயில் பரப்பி விற்கும் சார்ஜர்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை; விலையே சொல்லிவிடுகிறது.

சாக்கெட்டின் கதை இதுவன்று. அதற்குள் சுருளும் இல்லை, இரும்பும் இல்லை. பித்தளைக் கவ்வியும் திருகாணியும்தான் உண்டு. அது ஓசையிட நியாயமான காரணம் எதுவுமே கிடையாது. அது இரைகிறதென்றால் திருகாணி தளர்ந்தோ கவ்வி விரிந்தோ ஓர் இடைவெளி உண்டாகி, அந்த இடைவெளியை மின்சாரம் பொறியாகத் தாண்டுகிறது என்பதே பொருள். அப்பொறியின் வெப்பம் பல்லாயிரம் டிகிரி.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாம் கண்ட ஹீட்டர் 1500 வாட். அது ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் இழுக்கும். அந்தச் சாக்கெட்டோ 6 ஆம்பியருக்கு உரியது. பெரிய பிளக்கைச் சிறிய துளையில் நுழைப்பதற்கென்று கடையில் விற்கும் மாற்றுப் பிளக் ஒன்றின் உதவியால் அது அங்கே குடியேறியிருந்தது. தளர்ந்த இணைப்பில் ஒரே ஒரு ஓம் தடை ஏற்பட்டாலும் அவ்விடத்தில் 42 வாட் வெப்பம் பிறக்கும். சுவருக்குள் மூடிய பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதாக நினைத்துக் கொள்ளலாம். வெப்பத்தால் பித்தளை கறுக்கும். கறுத்தால் தடை மிகும். தடை மிகுந்தால் வெப்பம் மேலும் ஏறும்.

"எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, அது விழாதா?" என்று கேட்போர் உளர். விழாது. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பில் ஓடுவது வழக்கமான அளவே, சிறிது குறைவாகவும் இருக்கக் கூடும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனமும் இங்கு உதவாது. ஏனெனில் இதில் கசிவே இல்லை. எச்சரிக்கை செய்வது அந்த ஓசை ஒன்றுதான்.

நம் மக்கள் அவ்வோசைக்குச் செய்யும் வைத்தியங்களோ விசித்திரமானவை. போர்டின்மேல் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பிளக்கின் காலுக்குக் காகிதம் மடித்து முட்டுக் கொடுப்பார்கள். பிளக்கே இல்லாமல் கம்பியைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பதைச் சங்க அலுவலகங்களிலேயே கண்டிருக்கிறோம். நெசவாளர் வீடுகளில் அபாயம் இரட்டிப்பு. தார் சுற்றும்போதும் நெய்யும்போதும் பறக்கும் பஞ்சுத் துகள் சாக்கெட்டின் துளைகளிலும் படிகிறது. பொறிக்கு அதைவிட வேறு விருந்து வேண்டுமோ?

செய்ய வேண்டியது இதுதான். சூடும் கறையும் வாடையும் இல்லாவிடில், ஓசையிடும் சார்ஜரை வேறொரு சாக்கெட்டில் மாட்டிப் பார்க்கலாம். ஓசை சார்ஜரோடு கூடவே போனால் குறை சார்ஜரில்; பழைய இடத்திலேயே தங்கினால் சாக்கெட்டில். அதே போர்டில் மின்விசிறியின் ரெகுலேட்டர் இருந்தால் அதையும் அணைத்துப் பார்த்தல் நலம். குறைந்த வேகத்தில் அதுவும் முனகும். சூடோ கறையோ தென்பட்டால் சோதனையே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதுச் சாக்கெட் போட வேண்டும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்குத் தக்க தடித்த கம்பியும் எர்த் இணைப்பும் தனியே தேவை.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. பம்ப்செட் ஸ்டார்ட்டர் இரைவது பெரும்பாலும் வேறு வகை. அங்கே சுருள் இரும்பை இழுத்துப் பிடிக்கிறது. பிடிக்கும் முகத்தில் தூசோ துருவோ படிந்தாலும், வோல்டேஜ் குறைந்தாலும் பிடி சரியாக அமையாமல் அதிரும். மின்சாரத்தைத் துண்டித்து முகத்தைத் துடைக்கச் செய்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காததைப் பருவம் முழுவதும் ஓட்டினால் சுருள் எரியும். மருந்து தெளிப்பானின் பேட்டரிச் சார்ஜரை உரமூட்டைகளின்மேல் வைத்து இரவெல்லாம் விட்டு வைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

இனி நமது யோசனை. ஆண்டுக்கு ஒருமுறை, சங்கச் செலவில் ஒரு மின் பணியாளரை அமர்த்தி, கிடங்கிலும் அங்கத்தினர் இல்லங்களிலும் உள்ள எல்லாச் சாக்கெட்டுகளின் திருகாணிகளையும் முடுக்கச் செய்ய வேண்டும். தேய்ந்தவற்றுக்கு மாற்றாகத் தரமான சாக்கெட்டுகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி, அசல் விலைக்கு அளிக்கலாம். இதைச் சொன்னதும் ஒரு நிர்வாகக் குழு உறுப்பினர், "வீட்டுக்குள் இருப்பது அவரவர் பாடு, சங்கத்துக்கு என்ன?" என்றார். தறியில் உள்ள பாவு யாருடையது என்று நாம் திருப்பிக் கேட்டோம். துணியாகித் திரும்பி வரும்வரை அந்த நூல் சங்கத்தின் சொத்து. நாம் வீடு வீடாகச் சென்று எண்ணிப் பார்ப்பதும் அதற்காகவே. பட்டுப் பாவாக இருப்பின் ஒரு தறியிலேயே பல்லாயிரம் ரூபாய் தொங்குகிறது. வீடு தீப்பற்றினால் அந்தக் குடும்பம் இழப்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுதி முடியாது.

வாடகை வீட்டில் இருப்போருக்குச் சொந்தக்காரர் இசைய வேண்டுமே என்ற ஆட்சேபணை நியாயமானது. சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் போனால் பெரும்பாலோர் இசைவர் என்பது நம் அனுபவம்.

நம் பங்கிலும் குறை உண்டு. கிடங்கின் இருப்பை எண்ணுகிறோம். காப்பீட்டுப் பத்திரத்தின் தேதியைப் பார்க்கிறோம். அதே கிடங்கின் சுவரில் சாக்கெட் கறுத்திருப்பதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இனி நமது பரிசீலனைக் குறிப்பில் அதற்கும் ஒரு வரி எழுதுவதென்று தீர்மானித்துள்ளோம்.

மேற்சொன்ன சங்கத்தில் இப்பொருள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு வருகிறது. பெரியவர் அதற்குக் காத்திராமல் மறுநாளே சாக்கெட்டை மாற்றிவிட்டார். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். ஹீட்டர் போட்டால் இப்போது சுவரில் சத்தமே இல்லையாம்; சார்ஜர் மட்டும் இரவு அமைதியில் மெல்ல முனகுகிறதாம். சுடுகிறதா என்று கேட்டோம், இல்லை என்றார். அது முனகட்டும் என்று சொல்லிவிட்டோம்.