பொற்காசு யார் மடியில் இருந்தது?

குப்தர் காலம் எல்லோருக்கும் பொற்காலமாக இருந்தது, அதற்கு அவர்களுடைய பொற்காசுகளே சாட்சி என்று வாதிடுகிறார் ஒரு கட்டுரையாளர். காசுகளின் அழகை நான் மறுக்கவில்லை. சமுத்திரகுப்தர் அமர்ந்து வீணை மீட்டும் காசைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வருவதில்லை. அத்தனை சின்னத் தங்கத்தில் அத்தனை நிதானம்!

ஆனால் அது யார் மடியில் இருந்தது? ஏறக்குறைய 8 கிராம் தங்கத்தை நீட்டி எந்த உழவரும் உப்பு வாங்கியிருக்க மாட்டார். இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தில் வந்த சீனத் துறவி பாஹியான், சந்தையில் சோழிகள் புழங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார். அன்றாடச் செலவுக்கான குப்தர் செப்புக்காசுகளோ மிகக் குறைவாகவே கிடைத்துள்ளன. 1946இல் ராஜஸ்தானின் பயானா அருகே கிடைத்த ஒரே புதையலில் 1,821 பொற்காசுகள் பதிவாயின. அது செல்வர் ஒருவர் மண்ணுக்குள் பூட்டிய பொருள். ஊர்ச் சந்தையின் பணமாக அதை எப்படிக் கொள்வது?

காசுகளே சாட்சி என்றாலும், படையெடுத்து வந்த ஹூணர்களோடு போரிட்ட ஸ்கந்தகுப்தரின் காசுகளைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஸ்கந்தகுப்தர் காலத்தில் காசின் எடை கூடியது. தங்கத்தின் மாற்றோ குறைந்தது.